தவிர்க்கக்கூடிய செலவு

பி.யூ.சி.யில், அதாவது பிளஸ் டூவில், சயின்ஸ் படித்துவிட்டு பி.காம். சேர்ந்தவள் நான். மார்க் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பி.யூ.சி.யிலேயே அக்கவுண்ட்ஸ் படித்து வந்தவர்கள். டெபிட், கிரெடிட் என்பது அவர்களுக்கு இடது கை, வலது கை மாதிரி. எனக்கு முதல் வருஷம் முழுக்க அது மாறி மாறித்தான் வந்தது. எப்படியோ மனப்பாடம் பண்ணித் தப்பித்தேன். இரண்டாம் வருஷம் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் வந்தது. அதில் மனப்பாடம் செல்லுபடியாகவில்லை.

பாடம் எடுத்த மேடம் ஹாசன் பக்கத்து ஊர்க்காரர். கன்னடமும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். ஆனால் வகுப்பு முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மார்க்கரை மூடி மேஜைமேல் வைப்பார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் யாராவது ஒருவரை போர்டுக்குக் கூப்பிடப் போகிறார் என்று அர்த்தம்.

கணக்கின் விடையை மட்டும் சொன்னால் விட மாட்டார். "சரி, நீதான் ஓனர். இப்ப என்ன செய்வே?" என்பார். இது பழைய கணக்கு எழுதி வைக்கும் பாடம் இல்லை, நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பாடம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்கு ஓனராக இருக்கத் தெரியவில்லை. உயரமான ஒரு பெண்ணுக்குப் பின்னால் இடம் பிடித்து, தலையைக் குனிந்து எதையாவது எழுதுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். ஒரு பேக்கரி எத்தனை பன் விற்றால் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் என்பது கணக்கு. பிரேக் ஈவன் என்பார்கள். கடை வாடகை, அடுப்புக்காரர் சம்பளம் இதெல்லாம் பன் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற செலவு. மைதா, சர்க்கரை பன்னுக்குத் தகுந்த மாதிரி கூடும், குறையும். இரண்டையும் பிரித்தால் போதும், பிறகு வெறும் வகுத்தல்தான். இன்று இப்படிச் சுலபமாகச் சொல்கிறேன். அன்று போர்டுக்கு முன்னால் நின்றபோது ஓர் எண்கூட எண்ணாகத் தெரியவில்லை. மார்க்கர் போர்டில் தானாக ஒரு கோடு இழுத்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பரவாயில்ல, கூத்கோ," என்றார் மேடம். உட்கார்ந்துகொள் என்று. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் எல்லோருக்கும் ஓர் அசைன்மென்ட் கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஆகும் செலவுகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், புத்தகத்தைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும் என்றார். சிலர் மாமாவின் மெடிக்கல் ஸ்டோரை எடுத்தார்கள், சிலர் ஹாஸ்டல் மெஸ்ஸை. நான் அப்பாவின் செக்ஷனை எடுத்தேன்.

வீட்டில் அவரை டாடி என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது அப்பா என்று வந்துவிடுகிறது. அவர் பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கம்பெனியில் பிளேட்டிங் செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறார். இரும்பில் செய்த சின்னச் சின்னப் பாகங்கள், பீஸ் என்பார்கள், துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகம் ஏற்றும் வேலை. எண்ணெய் போகக் கழுவி, ஆசிட்டில் முக்கி, அலசி, சுழலும் பீப்பாயில் போட்டு எடுப்பார்கள். என் வயது தாண்டாத பையனாகச் சேர்ந்தவர், இப்போது அந்த செக்ஷனுக்கே இன்சார்ஜ். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அவர் நகக்கண்ணில் ஒரு மஞ்சள் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா மட்டன் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் பேனாவோடு எதிரில் உட்கார்ந்தேன்.

"டாடி, ஒரு பீஸ்கூட வரலேன்னாலும் உங்க செக்ஷன்ல எதெதுக்கு செலவாகும்?"

"பீஸ் வராம எப்படி இருக்கும்?"

"சும்மா வெச்சுக்கோங்களேன்."

"அது எப்படிம்மா சும்மா வெச்சுக்கறது?" என்று சிரித்தார். ஆனால் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நானும் சரி, அம்மாவும் சரி, அவர் அங்கே என்ன செய்கிறார் என்று உட்கார்ந்து கேட்டதில்லை. "எண்ணெய் எடுக்கற டேங்க் ஆறவே கூடாது, ஆறினா மறுபடி சூடேத்தறதுக்கே பாதி நாள் போயிடும். அப்புறம் கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற மெஷின். அது ஓடியே ஆகணும். இல்லேன்னா பொல்யூஷன் போர்டுக்காரன் வந்து கேட்டுல நிப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் நாங்க இருக்கோமே. பீஸ் வந்தா என்ன, வராட்டி என்ன, சம்பளம் சம்பளம்தானே!"

அப்படியே எழுதிக்கொண்டேன். வெளியே பிளேட்டிங் போட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்டேன். "பீன்யாவுல தெருவுக்குத் தெரு இருக்கான். ஜாப் வொர்க்குனு கிலோ கணக்குல வாங்கி போட்டுக் கொடுப்பான். ரேட்டு நம்மள விட சொல்ப கம்மிதான்," என்றார். அம்மா உள்ளேயிருந்து, "பூண்டு உரிச்சாச்சா, இல்ல ஃபேக்டரி நடத்தறீங்களா?" என்றாள். அந்த மத்தியானம் முழுக்க அப்பா நல்ல குஷியில் இருந்தார்.

அசைன்மென்ட் திரும்பி வந்தபோது மேடம் ஓரிடத்தில் மட்டும் வட்டம் போட்டிருந்தார். அப்பாவின் சொல்படி, தொழிலாளர் சம்பளத்தை மாறாத செலவு என்று எழுதிய இடம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மற்றபடி "குட்" என்று எழுதியிருந்தார். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய முதல் குட் அது. கேள்விக்குறியைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை.

பிறகுதான் அந்த வகுப்பு வந்தது. ஒரு பொருளை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா என்பது பாடம். மேடம் போர்டில் எழுதினார். ஒரு கம்பெனி ஒரு பாகத்தைத் தானே செய்கிறது. மூலப்பொருளும் கூலியும் சேர்த்து முப்பது ரூபாய். கட்டட வாடகை, மேனேஜர் சம்பளம் இவற்றின் பங்கு இருபது. ஆக ஐம்பது. வெளியில் ஒருவர் நாற்பதுக்குத் தருகிறேன் என்கிறார். மார்க்கரை மூடி வைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

மறுபடி மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டே எழுந்து போனேன். ஆனால் போர்டைப் பார்த்ததும் எனக்கு அப்பா சொன்ன அந்த ஆறக்கூடாத டேங்க்தான் ஞாபகம் வந்தது. வெளியில் வாங்கினாலும் கட்டடம் அங்கேயேதான் நிற்கும், வாடகையும் கொடுத்தாக வேண்டும். அந்த இருபது எங்கேயும் போகப் போவதில்லை. அப்படியானால் நாற்பதை ஐம்பதோடு ஒப்பிடக் கூடாது. நிஜமாகவே மிச்சமாகக்கூடிய முப்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

"நாமே செய்யணும் மேடம்," என்றேன். ஏன் என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"வெரி குட். இப்ப வெளியில இருக்கறவன் இருபத்தஞ்சுக்குத் தர்றேன்னா?"

"வாங்கிடலாம் மேடம்."

"செக்ஷன்ல இருக்கற லேபர்?"

"அது அவாய்டபிள் காஸ்ட், மேடம்," என்று டக்கென்று சொன்னேன். தவிர்க்கக்கூடிய செலவு. செக்ஷன் மூடினால் கூடவே போய்விடும் செலவு.

"கரெக்ட்!" என்றார். வகுப்பில் சிலர் கை தட்டினார்கள். நான் பறந்துகொண்டே இடத்துக்கு வந்தேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டே சிரிப்போடு சொன்னார். "எங்க கம்பெனிக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க. வைட்ஃபீல்டுல ஏதோ ஆபீஸாம். டை கட்டிகினு, லேப்டாப்பத் தூக்கிகினு பின்னாடியே வர்றாங்க. பாத்ரூம் போனாக்கூட வாட்சைப் பாக்கறான்."

அம்மா சிரித்தாள். "அப்படி என்ன கேக்கறாங்க?"

"பாப்பா அன்னிக்குக் கேட்டாளே, அதேதான். பீஸ் வரலேன்னா என்ன செலவு, கரண்டு எவ்ளோ, எத்தன பேரு. நான் சொன்னேன், சார், இதெல்லாம் எம் பொண்ணே கேட்டுட்டான்னு."

அம்மா மறுபடி சிரித்தாள். எனக்கு மட்டும் கையிலிருந்த டம்ளர் கனத்தது. அவர்கள் எந்தக் கணக்கைப் போடுகிறார்கள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வகுப்பில் டக்கென்று வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை எதிரில் அப்பாவாக உட்கார்ந்து, சட்டை பட்டனைக் கழற்றிவிட்டு மசால் கடலை தின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. போர்டுக்குக் கூப்பிடுவார்களோ என்ற பயத்துக்கு வகுப்பு முடிந்ததும் ஒரு முடிவு இருக்கும். இது எங்கும் கூடவே வந்தது. பார்க்கிற ஆட்களையெல்லாம் மனசு தானாக இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டது. கல்லூரியில் லிஃப்ட் பட்டனை அழுத்துகிற பெரியவர், தவிர்க்கக்கூடியவர். மெட்ரோ வாசலில் பையைத் தடவிப் பார்க்கிற பெண், தவிர்க்கக்கூடியவள். அம்மா எங்கள் சர்ச் நடத்தும் பங்குப் பள்ளியில் நர்சரிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பிள்ளைகள் சேர்க்கை குறைந்தால்? பூசையில் எல்லோரும் முழங்காலிட்டிருக்கும்போது நான் அம்மாவின் முக்காட்டைப் பார்த்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் செக்ஷன் கணக்கையும் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. விவரமெல்லாம் என் அசைன்மென்டிலேயே இருந்தது. சம்பளத்தை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினேன். மேடம் போட்ட கேள்விக்குறிக்கு அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. செக்ஷனை மூடினால் டேங்க் சூடேற்ற வேண்டாம், கழிவுநீர் மெஷின் வேண்டாம், ஆட்கள் வேண்டாம். எப்படிப் போட்டாலும் வெளியில் கொடுப்பதுதான் மலிவாக வந்தது. ஏதோ தப்பு இருக்க வேண்டும் என்று மறுபடி போட்டேன். தப்புகளுக்கே பேர்போன நான் அந்த ஒரு கணக்கில் தப்பே செய்யவில்லை.

இன்னொரு மூட பயமும் இருந்தது. அசைன்மென்டின் ஒரு பிரதியைக் கல்லூரி இணையதளத்திலும் ஏற்றியிருந்தோம். அதை யாரோ பார்த்துத்தான் அந்த இருவர் வந்துவிட்டார்களோ என்று தோன்றும். அப்படி இருக்கவே முடியாது என்று தெரியும். ஆனாலும் தோன்றும். அப்பா கொஞ்சம் தாமதமாக வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சீக்கிரம் வந்துவிட்டாலோ இன்னும் மோசம்.

"ஏன்டி, தட்டுல கோலம் போடற?" என்றாள் அம்மா. "பாடம் கஷ்டமா இருக்கு மம்மி," என்றேன். அதில் பொய் இல்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் மேடத்தைப் பார்க்க ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். கணக்கில் ஒரு சந்தேகம் என்றேன். ஒரு கம்பெனி, அதில் ஒரு பிளேட்டிங் செக்ஷன் என்று புத்தகத்தில் இருப்பதுபோலவே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். "உன் அசைன்மென்ட்ல இருந்த ஃபேக்டரிதானே? அப்பா வேலை பாக்கறது?"

தலையாட்டினேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கன்னடத்தில்தான் பதில் சொன்னார். எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"மெஷின், ஆள், கரண்ட் எல்லாம் போயிடும்னு எழுதியிருக்கே. நிஜமாவே எல்லாம் போகுமா? யார் சொன்னா? பேர்ல பிளேட்டிங் செலவுன்னு இருக்கறதெல்லாம் பிளேட்டிங் போனா போயிடாது. ஒண்ணொண்ணா கேட்டுப் பாக்கணும். அங்கேதான் பெரிய பெரிய ஆளுங்களே தப்பு பண்றாங்க."

"அப்படிக் கேட்டா செக்ஷன் தப்பிச்சுடுமா மேடம்?"

அவர் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியாது. கேட்ட பிறகும் மூடணும்னு வரலாம்," என்றார். பிறகு, "அப்பாகிட்ட சொன்னியா?" என்றார்.

"பயமா இருக்கு."

"அவருக்குத் தெரியாம நீ மட்டும் பயந்துகிட்டு இருந்தா அவருக்கு என்ன பிரயோஜனம்? போய்ச் சொல்லு."

சனிக்கிழமை கல்லூரி சீக்கிரம் முடிந்தது. வீட்டில் அம்மா முன்னால் சொல்லத் தைரியம் இல்லாததால் நேராக பீன்யா போனேன். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, ஸ்டேஷனில் இறங்கி, லாரிகளுக்கு ஓரமாக நடந்தேன். கம்பெனி கேட்டுக்கு எதிரில் ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்றேன். ஷிஃப்ட் விட்டதும் ஆட்கள் கும்பலாக வந்தார்கள். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசியபடி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ரோட்டைப் பார்க்காமலே குறுக்கே ஓடி வந்தார்.

"என்னாச்சு? மம்மிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல டாடி. மம்மி நல்லா இருக்காங்க. சும்மாதான் வந்தேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. "இப்படியா வந்து நிப்பே? உயிரே போயிடுச்சு," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டே காபி குடித்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "டாடி, அந்த ரெண்டு பேர் எதுக்கு வந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

கப்பைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"வந்த ரெண்டாம் நாளே. பிளேட்டிங்க வெளிய விடலாமான்னு பாக்கறாங்க. என்னையேதான் அனுப்பினாங்க, வெளிய ரெண்டு எடத்துல சாம்பிள் போட்டு வாங்கிட்டு வரச் சொல்லி. உப்புத் தண்ணியில வெச்சு டெஸ்ட் பண்ணி, தரம் எப்படின்னு நான்தான் சொல்லணும். திங்கக்கிழமை மீட்டிங்."

"எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "நல்லா இருக்குன்னு சொன்னா எங்க கத முடிஞ்சுது. மோசம்னு சொன்னா பொய். நாலு நாளா அந்த சாம்பிளையே திருப்பித் திருப்பிப் பாக்கறேன். எங்கியாவது ஒரு புள்ளி துரு வராதான்னு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல? சிரிச்சுகிட்டே இருந்தீங்களே!"

"உனக்குப் பரீட்சை வருது. அதுவும் இந்தப் பாடம் கஷ்டம்னு சாப்புடாம கெடக்கறேன்னு மம்மி சொன்னா. இதையும் உன் தலையில போடவா?" என்றவர், என்னை உற்றுப் பார்த்தார். "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

சொன்னேன். போர்டில் போட்ட கணக்கு, அந்த வார்த்தை, வீட்டில் நான் போட்டுப் பார்த்தது எல்லாம். சாப்பிடாததற்குக் காரணமும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தவிர்க்கக்கூடிய செலவு என்று நான் சொன்னபோது ஒருமுறை மட்டும் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே தட்டுக் கடலையைத் தின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று ஒரே பயத்தைப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

"உன் கணக்குல என்னதான் வந்துது?"

"வெளியில குடுக்கறதுதான் மலிவுன்னு வந்துது, டாடி. ஆள், கரண்டு, கழிவுத் தண்ணி மெஷின் எல்லாம் மிச்சம்."

"மெஷின் எப்படி மிச்சம்?" என்றார்.

"பிளேட்டிங் இல்லேன்னா அது எதுக்கு?"

"பெயின்ட்டிங் செக்ஷன் தண்ணியும் அதுலதானே போகுது? பிளேட்டிங்க மூடினாலும் அது ஓடித்தான் ஆகணும். ஆபரேட்டரும் இருந்துதான் ஆகணும்."

மேடம் சொன்னது அப்படியே காதில் கேட்டது. பேரில் பிளேட்டிங் என்று இருப்பதெல்லாம் பிளேட்டிங்கோடு போகாது. அந்த இடத்திலேயே மனசுக்குள் அந்தத் தொகையை எடுத்து இந்தப் பக்கம் போட்டேன். பெரிய செலவு அது. வித்தியாசம் சுருங்கியது. முழுக்க மாறிவிட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முன்போல் ஒரே பக்கமாகச் சாயவில்லை.

"டாடி, அந்த ரெண்டு பேருக்கு இது தெரியுமா?"

"கேக்கலியே. மெஷின் செலவு எந்த செக்ஷன்ல எழுதியிருக்குன்னு கேட்டாங்க. பிளேட்டிங்ல சார்னு சொன்னேன்."

மெட்ரோவில் திரும்பும்போது இடம் கிடைத்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அவசரமாக வருகிற சின்ன ஆர்டர்களை வெளியில் கொடுத்தால் உடனே கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அந்தச் செலவு எந்தப் பக்கம் எழுதுவார்கள், அதை எப்படிச் சொல்வது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். தரத்தைப் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கப் பயமாக இருந்தது. டிரினிட்டியில் இறங்கி நடக்கும்போது அவராகவே சொன்னார்.

"நல்லா இருக்குன்னுதான் சொல்லப் போறேன். அதுல பொய் சொல்லிட்டு, மத்ததுல எந்த வாய வெச்சுகினு பேசறது?"

அன்று சாயங்காலம் அம்மாவிடமும் சொன்னோம். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கி வெச்சிருக்கீங்க," என்றாள். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. போன் பையில் இருந்தது. ஒருமுறை அதிர்ந்தபோது எழுந்து வெளியே ஓடிவிட்டேன். பார்த்தால் ஏதோ கிரெடிட் கார்டு விற்கிற அழைப்பு. அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் பாவம், மேடம் மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றும் வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சொல்லிட்டேன். மெஷின் விஷயம் சொன்னப்ப அதுல ஒருத்தன் லேப்டாப்ப மூடி மறுபடி தொறந்தான். கம்பெனிப் பெரியவர் யோசிக்கறேன்னு சொல்லியிருக்காரு," என்றார். "தரம் நல்லா இருக்குன்னும் சொல்லிட்டேன். செக்ஷன் பசங்க மூஞ்சிய பாக்க முடியல."

யோசிப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நாட்கள்தான் எல்லாவற்றையும்விட மோசம். நடுவில் எனக்குப் பரீட்சை வந்தது. நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா என்று பெரிய கேள்வியாகவே வந்தது. கேள்வியைப் பார்த்ததும் கை வியர்த்து, விடைத்தாள் ஓரம் ஈரமானது. கூலி என்ற வரி வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தக் கேள்வித்தாளில் எந்த ஊர், எந்த ஆட்கள் என்று எதுவும் இல்லை, மாதத்துக்கு இத்தனை பாகம் என்று மட்டும்தான் இருந்தது. கேட்டபடி எழுதினேன். அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வந்தது. வீட்டில் சொன்னேன், அம்மா இனிப்பு வாங்கி வந்தாள். அவ்வளவுதான்.

முடிவு தெரிந்தபோது அது நாங்கள் பயந்த மாதிரியும் இல்லை, வேண்டிக்கொண்ட மாதிரியும் இல்லை. செக்ஷனை மூடவில்லை. பெரிய ஆர்டர்கள் வெளியே போயின. அவசர வேலையும் சின்ன வேலையும் உள்ளேயே இருந்தன. பாதி பீப்பாய்கள் நின்றன. அப்பா இருக்கிறார். வெளியிலிருந்து வருகிற பொருளைச் சரிபார்ப்பதும் இப்போது அவர் வேலைதான். கான்ட்ராக்டில் இருந்தவர்களை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லும் பொறுப்பையும் அப்பாவிடமே கொடுத்தார்கள். அவர்களில் தர்மபுரிப் பக்கத்துக்காரர் ஒருவர் பல வருஷமாக அப்பாவோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவர். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வருகிறவர். அவருக்கு இரண்டு மூன்று இடத்தில் அப்பா வேலைக்குச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒருநாள் போன் பண்ணினால் அவர் எடுக்கவில்லை. அதற்கப்புறமும் எடுக்கவில்லை. ரிங் முழுக்க அடித்து ஓய்கிற வரை அப்பா போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

அடுத்த வருஷப் புராஜெக்டுக்குக் காஸ்டிங் என்கிற செலவுக் கணக்கை எடுத்துக்கொள் என்று மேடம் சொன்னார். எடுத்துக்கொண்டேன். பயம் போய்விட்டதால் இல்லை. அந்தக் கணக்கை யாராவது போடத்தான் போகிறார்கள், போடுகிறவர்கள் பெயின்ட்டிங் செக்ஷன் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பவர்களாக இருக்கட்டும் என்று தோன்றியது. அதைப் பெரிய லட்சியம் என்று சொல்ல மாட்டேன்.

மார்ச்சில் கம்பெனியில் இந்தக் கணக்கை மறுபடி பார்ப்பார்களாம். ஒருமுறை போட்டு முடிகிற கணக்கு இல்லை அது, வருஷா வருஷம் போடுவது. போன வாரம் சாப்பிடும்போது அப்பா அதைச் சொன்னார். இந்தத் தடவை சிரிக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

"அதே ஆளுங்கதான் வர்றாங்களாம். புது ரேட்டு வாங்கியிருக்காங்களாம்."

"எவ்ளோ டாடி?"

சொன்னார். போன வருஷத்தைவிடக் குறைவு. அம்மா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். நான் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டேன். அவர் சொல்லத் தொடங்கினார்.